குடிக்காத அப்பா குடியை விட்ட கதை

ஏப்ரல் 3, வியாழன்

இந்த டைரியை எனக்கு இலவசமாகக் கொடுத்தவர் பிரிசில்லா ஆன்ட்டி. அட்டையில் ஒருவன் மலை உச்சியில் நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டிருக்கிறான். கடைசி பஸ்ஸை மறிக்கிறான்போல. தினமும் ஒரு பக்கம் நம் கனவை எழுதவேண்டுமாம். எழுதினால் அது காதில் வாங்கிக்கொண்டு வந்து சேருமாம். இன்றைய கனவு: மத்தியானத்துக்குச் சாளைமீன் குழம்பு. எழுதினேன். வந்தது புடலங்காய்க் கூட்டு.

டைரிக்கு என்னை அறிமுகம் செய்யவேண்டும், மரியாதை இல்லையா. பெயர் பெனிட்டா. வயது பதினேழு. ஊர் பாளையங்கோட்டை. பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை உண்டு உறங்கும் ஜீவன். சாதனைகள்: கிறிஸ்துமஸ் காலையில் பாடகர் குழுவின் அங்கிகளுக்குக் கைகளை மூடித் தைத்து வைத்தது. கெமிஸ்ட்ரி மிஸ் குரலில் பக்கத்து வகுப்புக்கு லீவு விட்டது. அப்பா ஞானதுரை, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அம்மா எமிமா, ஒரு மாதமாகத் தொழிலதிபர்.

தொழில் இதுதான். ‘சுகவிருத்தி’ என்று டப்பாவில் அடைத்த பச்சைப் பொடி. பாலில் கலக்கிக் குடித்தால் சகல நோயும் போகும். நாம் நாலு பேரைச் சேர்க்கவேண்டும், அவர்கள் ஆளுக்கு நாலு பேரைச் சேர்க்கவேண்டும். நமக்கு மேலே இருப்பவர் அப்லைன், கீழே இருப்பவர் டவுன்லைன். அம்மாவுக்கு மேலே பிரிசில்லா ஆன்ட்டி இருக்கிறார். கீழே பாய் இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் டப்பாக்கள் இருக்கின்றன.

பொடி வைத்துப் பேசுவது எனக்குப் பிறவிக் குணம். இனிமேல் பொடி விற்றும் பேசவேண்டும். அம்மா உதவி கேட்டாள்.

ஏப்ரல் 5, சனி

கூட்டத்துக்குப் போனேன். ஜவுளிக்கடை மாடியில் ஏசி ஹால். பிரிசில்லா ஆன்ட்டி வெள்ளைச் சேலை, கன்னத்தோடு ஒட்டிய மைக். எங்கள் சபைக்காரர்தான். கோயிலில் எங்களுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருவார். ஹாலில் இருந்தவர்களில் பாதிப்பேர் சபைப் பெண்கள்.

மற்ற ஊர்க் கம்பெனிகளில் இதை என்னவென்று சொல்வார்களோ தெரியாது. ஆன்ட்டி இதற்கு வைத்திருக்கும் பெயர் சாட்சி. பொடி குடித்துக் குணமானவர்கள் ஒவ்வொருவராக எழுந்து மைக்கில் சாட்சி சொல்லவேண்டும். இந்த இடத்தில் ஆன்ட்டியின் மூளைக்கு ஒரு கும்பிடு. எங்கள் சபையில் பிரசங்கத்தைக் குறை சொல்வார்கள், கமிட்டியோடு சண்டை போடுவார்கள், பாஸ்டரின் சட்டை இஸ்திரியைக்கூட விமரிசிப்பார்கள். சாட்சியை மட்டும் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். கேட்டால், கேட்டவருக்கு விசுவாசம் போதாது என்று அர்த்தம். ஒருவர் எழுந்து “எனக்கு இப்படி நடந்தது” என்று சொல்லிவிட்டால் அது நடந்ததுதான்.

முட்டிவலி போனது, சர்க்கரை இறங்கியது, மருமகள் வாயடக்கமானாள். கடைசியில் ஆன்ட்டி அம்மாவைப் பார்த்து, “எமிமா, உன் சாட்சி எப்போம்மா? ஒரு மாசமா கடைசி வரிசைக்குத்தான் சாட்சியா இருக்கே” என்றார். ஹால் முழுக்கச் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். வீட்டுக்கு வரும்வரை துடைத்துக்கொண்டே வந்தாள். அவ்வளவு தூசி அந்த ஏசி ஹாலில் எங்கிருந்து வந்ததோ.

ஏப்ரல் 8, செவ்வாய்

பயிற்சி. வீடு வீடாகப் போய் விற்பது எப்படி. முக்கியமான பாடம்: வாசலில் நின்று பேச்சை ஆரம்பிக்காதே. முதலில் குடிக்கத் தண்ணீர் கேள். தண்ணீர் கொடுத்தவள் உடனே கதவைச் சாத்தமாட்டாள். நம் ஊர்ப் பெண்களுக்கு அது முடியாது.

இதைக் கண்டுபிடித்தவன் பெரிய திருடனாக இருக்கவேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 12, சனி

இன்று நான் ஸ்டார்.

பிரிசில்லா ஆன்ட்டி, “எமிமா வீட்ல இருந்து யாராவது?” என்று அம்மாவைப் பார்த்து இழுத்தார். மறுபடியும் எல்லாரும் சிரிக்கத் தயாரானார்கள். நான் எழுந்து போய் மைக்கை வாங்கிக்கொண்டேன். முட்டிவலி என்றுதான் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் எனக்கு முன்னால் வரிசையாக முட்டிகள் பேசிவிட்டன. முட்டிக்கு இனி மார்க்கெட் இல்லை.

“எங்க அப்பா குடிப்பாங்க” என்று ஆரம்பித்தேன்.

ஹாலில் ஏசி ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் எனக்கு நாக்கு தானாக ஓடியது. தட்டைத் தூக்கி எறிந்தது, அம்மா சாப்பிடாமல் படுத்தது, நான் மொட்டைமாடியில் உட்கார்ந்து படித்தது. பிறகு காப்பியில் அவருக்குத் தெரியாமல் தினமும் ஒரு ஸ்பூன் பொடி. பிறகு ஒருநாள் அவரே என்னைக் கூப்பிட்டு, “இனி தொடமாட்டேன் மகளே” என்றது. அந்த இடத்தில் குரலை உடைத்தேன். குரல் உடைப்பது எனக்கு முட்டை உடைப்பதுபோல.

எங்கள் அப்பா, இருமல் மருந்தில் நெடி அடித்தால் பாட்டிலைத் திருப்பி என்ன கலந்திருக்கிறது என்று படிக்கிற ஆள். கோயில் திருவிருந்தின் திராட்சை ரசக் கிண்ணத்தில்கூட உதட்டை நனைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அதுதான் ஜோக்கே. எல்லாரும் கண்ணைத் துடைத்தபோது சிரிப்பை அடக்க நான் உதட்டைக் கடித்தேன். அது இன்னும் எடுபட்டது.

அம்மாவைப் பார்த்தேன். கடைசி வரிசையில் பாதி எழுந்த மாதிரி இருந்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். ஆன்ட்டி அவளைக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டி வந்து, “இத்தனை நாள் இதை மனசுக்குள்ள வச்சிக்கிட்டா சிரிச்சே?” என்று கட்டிக்கொண்டார். அம்மா அழுதாள். இவ்வளவு நன்றாக நடிப்பாள் என்று எனக்குத் தெரியாது.

கைதட்டல் நிற்கவே இல்லை. கட்டிலுக்கு அடியில் இப்போது காலாற நடக்கலாம்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

குருத்தோலை பிடித்துக்கொண்டு தெரு சுற்றி வந்தோம். பெண்கள் சிலர் அப்பாவைப் பார்த்து விசேஷமாகத் தலையசைத்தார்கள். அப்பாவும் அசைத்தார். அவருக்கு ஒரே குழப்பம். வேட்டியில் ஏதாவது கறையா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

அவர் தினமும் பிள்ளைகளை ஏற்றி வேன் ஓட்டுகிறவர் என்பது மேடையில் எனக்கு நினைவு வரவில்லை. இன்றைக்கு வந்தது. பிறகு போய்விட்டது. விட்டதாகத்தானே சொன்னேன். குடிக்கிறார் என்றா சொன்னேன்?

ஏப்ரல் 16, புதன்

விற்பனை பயங்கரம். வாங்க வருகிறவர்கள் முன்வாசலில் வருவதில்லை. பின்பக்கம் துணி துவைக்கும் கல் அருகே நின்று மெதுவாகக் கேட்கிறார்கள். மூட்டுவலிக்காரிகள் யாரும் பின்வாசலில் வரமாட்டார்கள். இவர்கள் எல்லாம் வேறு.

அடுத்த தெரு பாக்கியம் சித்தியும் வந்தார். சித்தப்பா கொத்தனார். சாயங்காலம் எந்த வாய்க்கால் ஓரத்தில் கிடப்பார் என்று சொல்லமுடியாது. சித்தி டப்பாவை வாங்கிச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, “காப்பின்னா கண்டுபிடிச்சிருவாவ. குழம்புல போடலாமாட்டி?” என்று கேட்டார். போடலாம் என்றேன். “ஒங்கப்பாவுக்கு எத்தனை நாள்ல கேட்டுச்சு?” என்றார்.

இரண்டு வாரம் என்றேன். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

ஆராதனை மதியம்வரை. நாக்கு வறண்டது. எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஆண்கள் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கமிட்டிக்காரர் ஒருவர், “இன்னைக்கு ரெண்டு பேரு உயிர்த்தெழுந்திருக்காவ” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் இந்த ஜோக்கை நான் பாராட்டியிருப்பேன். பாஸ்டர் அப்பாவின் தோளைத் தொட்டு, சபையில் ஒருநாள் சாட்சி சொல்லவேண்டும் என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஈஸ்டர் கேக்கைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து அவர் வேனைக் கழுவினார். சாயங்காலம் மறுபடியும் கழுவினார்.

ஏப்ரல் 23, புதன்

பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டாயிற்று. கடைசி நாள் வேனில் மூன்று பிள்ளைகள் வரவில்லையாம். அவர்கள் வீட்டில் ஸ்கூட்டரிலேயே கொண்டு விட்டுவிட்டார்கள். சாப்பிடும்போது அம்மாவிடம் அப்பா சொன்னதைக் கேட்டேன். வெயில் காரணமாக இருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார். வெயிலுக்கு வேனில் அல்லவா அனுப்புவார்கள்?

அம்மா மோரை எனக்கு இரண்டுமுறை ஊற்றினாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 26, சனி

கூட்டத்துக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா மேலே வந்தார். வந்து ஒரு துணியை எடுத்து உதறி எனக்குக் கொடுத்தார். இன்னொன்றை எடுத்து உதறினார்.

“பிள்ளே, நான் என்ன குடிச்சேன்னு சொன்னே?”

எனக்குப் புரியவில்லை. அதாவது, புரிந்தது.

“பாஸ்டர் கேக்காரு. கமிட்டியில கேக்காவ. எதுல ஆரம்பிச்சீரு, எதுல விட்டீருன்னு. எனக்குப் பேரு ஒண்ணும் சொல்லத் தெரியல. நீ ஒண்ணு சொல்லி, நான் ஒண்ணு சொல்லிரக் கூடாதுல்லா.”

கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் பதிலுக்காகக் காத்திருந்தார்.

“பிராந்தி” என்றேன்.

“பிராந்தி” என்று அவர் ஒருதடவை சொல்லிப் பார்த்தார். போகாத ஊரின் பெயரைப் பாடம் செய்கிறவர்போல.

ஏன் இல்லை என்று சொல்லவில்லை என்று கேட்டேன். துணிக்குக் கிளிப் மாட்டிக்கொண்டே சொன்னார்: “இல்லன்னா நீ பொய் சொன்னவன்னு ஆயிரும். கோயில் வாசல்ல வச்சு எப்படிட்டி அதச் சொல்ல?”

பிறகு வாளியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார். நான் மேலேயே இருந்தேன். துணி காயும்வரை இருந்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

எழுதி எழுதி அடித்திருக்கிறேன். மேலே உள்ள கறுப்புக் கட்டம் எல்லாம் ஜோக்குகள்.

மே 3, சனி

கூட்டத்துக்குப் போனேன். மேடையில் ஏறி மைக்கைக் கேட்டேன். ஆன்ட்டி சந்தோஷமாகக் கொடுத்தார். “எங்க அப்பா குடிக்கமாட்டாங்க. ஒருநாளும் குடிச்சதில்ல. போன மாசம் நான் சொன்னது பொய்” என்றேன். மனப்பாடம் செய்துகொண்டு போனதுதான். ஆனால் பாதியில் அழுகை வந்துவிட்டது. இந்தமுறை நான் உடைக்கவில்லை, குரல் தானாக உடைந்தது.

யாரோ “இயேசப்பா” என்று பெருமூச்சு விட்டார்கள். ஆன்ட்டி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். கன்னத்து மைக்கில் எல்லாருக்கும் கேட்டது: “மறுபடி ஆரம்பிச்சிட்டாராம்மா? அடிச்சாரா? இப்படிச் சொல்லச் சொல்லி அனுப்பினாரா?”

இல்லை ஆன்ட்டி, நிஜமாகவே பொய் என்றேன். நிஜமாகவே பொய். பேசத் தெரிந்தவளுக்கு வாயில் வந்த லட்சணம்.

“இந்தப் பிள்ளை கண்ணைப் பாருங்க” என்றார் ஆன்ட்டி. எல்லாரும் பார்த்தார்கள். கண்ணில் தண்ணீர் இருந்தது. அது போதும் அவர்களுக்கு. எல்லாரும் எழுந்து நின்று என் அப்பாவுக்காக ஜெபம் செய்தார்கள். ஜெபம் முடிந்ததும் ஆன்ட்டி, பொடியைப் பாதியில் நிறுத்தினால் இப்படித்தான் நடக்கும், விடாமல் கொடுக்கவேண்டும் என்று விளக்கினார். இன்றைக்குக் கொண்டுவந்த டப்பாக்கள் எல்லாம் போய்விட்டன.

போன மாதம் அப்பா குடியை விட்டவர். இன்று முதல் மறுபடி குடிக்கிறவர். இரண்டையும் செய்தது நான். அவர் வீட்டில் வேனின் வைப்பர் ரப்பரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

மே 6, செவ்வாய்

பள்ளிக்கூடத் தாளாளர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். வழக்கமாக விடுமுறையில் வேன் எங்கள் தெருவில்தான் நிற்கும். அவர்தான் பெயின்ட் உதிர்ந்த இடமெல்லாம் பார்த்துப் பார்த்துச் சரிசெய்வார். இன்று வேனில் போனவர் நடந்து வந்தார்.

சாவியைக் கொடுத்துவிடச் சொன்னார்களாம். பெற்றோர் பேசுகிறார்கள், விசாரித்துவிட்டு ஜூனில் சொல்கிறோம் என்றார்களாம். குடிப்பீரா என்று தாளாளர் நேராகவே கேட்டிருக்கிறார். இல்லை என்றாராம் அப்பா. “முதல்ல இல்லன்னு சொல்லாதவரு இப்ப எதுக்குச் சொல்லுதீரு?” என்று திரும்பக் கேட்டாராம்.

அதற்கான பதில் என்னிடம் இருந்தது. நான் அடுக்களையில் நின்று வெங்காயம் உரித்தேன். சமையலுக்கு வேண்டியதைவிட அதிகமாக உரித்துவிட்டேன்.

மே 8, வியாழன்

ரிசல்ட். பாஸ். கெமிஸ்ட்ரியில் நினைத்ததைவிட நல்ல மார்க். அப்பா லட்டு வாங்கிவந்தார். எந்த வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லவில்லை.

மே 10, சனி

வேனில் வருகிற பிள்ளைகளின் வீடு எல்லாம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் முன் சீட்டில் உட்கார்ந்து சுற்றியிருக்கிறேன். இன்று போக ஆரம்பித்தேன்.

முதல் வீட்டில் வாசலிலேயே, நான் சொன்னது பொய் என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா பாவமாகப் பார்த்து, “அப்பா அனுப்பினாராம்மா?” என்று கேட்டுக் கதவைச் சாத்தினார். இரண்டாவது வீட்டில் அழுகை வந்தது. அங்கேயும் அதேதான், கூடுதலாக ஒரு சாக்லேட்டும் கொடுத்தார்கள்.

மூன்றாவது வீட்டில் தண்ணீர் கேட்டேன். பயிற்சி வீண்போகவில்லை. உள்ளே உட்காரச் சொன்னார்கள். அது ஒரு பேங்க்கில் வேலை பார்க்கும் அக்கா. மகள் யூகேஜி. குடித்து முடித்துச் சொம்பை வைத்துவிட்டுச் சொன்னேன். அழவில்லை. அவர் நம்பாமல், “பெத்த அப்பாவைப் பத்தி எந்தப் பிள்ளையாவது சும்மா அப்படிச் சொல்லுமா? எதுக்குச் சொன்னே?” என்றார்.

அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள், அதனால் சொன்னேன் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். அதுவும் உண்மைதான். ஆனால் அது நல்ல பிள்ளையின் உண்மை. அதைச் சொன்னால் மறுபடியும் சாக்லேட்தான் கிடைக்கும்.

“கைதட்டுக்கு” என்றேன். “எல்லாரும் முட்டிவலி சொன்னாங்க. நான் பெருசா ஒண்ணு சொன்னா எல்லாரும் என்னைப் பாப்பாங்கன்னு சொன்னேன். சொல்லும்போது உள்ளுக்குள்ள சிரிச்சேன்.”

அந்த அக்காவின் முகம் மாறியது. சொம்பை எடுத்துக்கொண்டார். நம்பிவிட்டார் என்று தெரிந்தது. “உங்கப்பா காலையில என் பிள்ளைக்கு ஷூ லேஸ் கட்டிவிடுவாரு” என்று மட்டும் சொன்னார். பிறகு உள்ளே போய்விட்டார். நான் வெளியே வந்து செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு தெருமுனைவரை நடந்திருக்கிறேன்.

மே 14, புதன்

இதுதான் முறை என்று தெரிந்துவிட்டது. தண்ணீர், உட்காருதல், அழாமல் சொல்லுதல், கைதட்டுக்கு. ‘கைதட்டுக்கு’ என்று சொல்லாதவரை ஒருத்தரும் நம்புவதில்லை. சொன்னதும் நம்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அப்பா ஒரு படி ஏறுகிறார், நான் இறங்குகிறேன். அப்லைன், டவுன்லைன் இப்போதுதான் ஒழுங்காகப் புரிகிறது.

வயிறு முழுக்கத் தண்ணீர்.

மே 15, வியாழன்

கிளம்பும்போது அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். நான் கூப்பிடவில்லை. ஒரு வீட்டில் நான் சொல்லி முடித்ததும் அந்த ஆச்சி அம்மாவிடம் திரும்பினார். நீ ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டார்.

“நான் அங்கனதான் இருந்தேன்” என்றாள் அம்மா. “எந்திரிச்சேன். எந்திரிச்சு, திரும்ப உக்காந்துட்டேன். பொடி வித்துது.”

 வீட்டு வாசலில் அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போனாள். மிச்சம் இருந்த டப்பாக்களைப் பிரிசில்லா ஆன்ட்டி வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்துவிட்டாளாம். என்ன பேச்சு வாங்கினாள் என்று சொல்லவில்லை.

மே 21, புதன்

பாக்கியம் சித்தி வீடு வேன் பிள்ளைகளின் பட்டியலில் இல்லை. போகாமல் இருந்திருக்கலாம். நாலு நாள் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போனேன்.

சித்தி மீன் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் எல்லாம் சிரிப்பு. “அவிய இந்த வாரம் ரெண்டு நாளு சாயங்காலமே வீட்டுக்கு வந்துட்டாவ தெரியுமா? ஒங்கப்பாவுக்கு ஆன மாதிரியே மெதுமெதுவா ஆகுது.”

இரண்டு நாள் கட்டட வேலை இல்லை என்று ஊருக்கே தெரியும். நான் தண்ணீர் கேட்கவில்லை. நின்றபடியே சொன்னேன். அப்பா குடித்ததே இல்லை, பொடியால் எதுவும் ஆகாது, நான் கைதட்டுக்குச் சொன்னேன்.

சித்தி கோபப்படுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் சட்டியிலிருந்து கையை எடுத்தார்.

“அப்போ ஒருத்தரும் விடலையாட்டி?” என்றார்.

 எல்லாவற்றுக்கும் பதில் பேசுகிறவள் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் பெயர் எடுத்தவள் நான். சித்தி மீனைத் திரும்பக் கழுவ ஆரம்பித்தார். கழுவின மீனையே கழுவினார். சரி போயிட்டு வா என்றார். டப்பாவைத் திருப்பிக் கேட்டேன். கொடுக்கவில்லை.

மே 22, வியாழன்

சிலருக்குச் சொன்னால் பொய் போகும். சிலருக்குச் சொன்னால் வேறு ஏதோ போய்விடுகிறது. இதை எப்படிச் சரிசெய்வது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.

மே 29, வியாழன்

தாளாளர் கூப்பிட்டார். அப்பாவோடு நானும் போனேன். பேங்க் அக்காவும் இன்னும் சிலரும் பேசியிருக்கிறார்கள். தாளாளர் என்னைப் பார்க்கவே இல்லை. நான் சொன்னதை எல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு அப்பாவிடம், வண்டியை எடுத்துக்கொள்ளும் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. இன்னும் சில பெற்றோருக்குச் சந்தேகம் தீரவில்லை. அதனால் தினமும் காலையில் வண்டி எடுக்கும் முன் கேட்டில் வாட்ச்மேன் முன்னால் வாயை ஊதிக் காட்டவேண்டும். எல்லாரும் பார்க்கிற இடத்தில்.

அப்பா மாட்டேன் என்பார், சாவியை மேசையில் போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படிச் செய்யவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்போது எல்லாம் முடிந்துபோகும்.

“எத்தனை மணிக்கு வரணும் சார்?” என்று கேட்டார் அப்பா.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. நானும் வருகிறேன் என்றேன். எதற்கு என்றார். பார்க்கவேண்டும் என்றேன். வேண்டாம்ட்டி என்றார். செருப்பு மாட்டிக்கொண்டு நின்றேன். கூட்டிப் போனார்.

வாட்ச்மேன் மாடசாமி அண்ணாச்சி அப்பாவோடு பல வருடமாக ஒரே கடையில் டீ குடிக்கிறவர். கேட்டில் புதுப் பைகளோடு பிள்ளைகள், ஸ்கூட்டரில் அம்மாமார், டைகட்டிய வாத்தியார்கள். அப்பா வேனை நிறுத்திவிட்டு இறங்கி அண்ணாச்சி முன்னால் போய் நின்றார். அண்ணாச்சி ரோட்டைப் பார்த்துக்கொண்டு, “போவும் ஞானதுரை, எனக்குத் தெரியாதா” என்று மெதுவாகச் சொன்னார்.

அப்பா நகரவில்லை.

“பாக்காம விடாதீரும். பிள்ளைய ஏறுத வண்டி.”

அண்ணாச்சி தலையைக் குனிந்தார். அப்பா அவரைவிட உயரம். அதனால் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, முகத்தை அவர் முகத்துக்கு நேராகக் கொண்டுபோய், வாயை அகலமாகத் திறந்தார். பல் டாக்டரிடம் திறப்பதுபோல. ஒரு பக்கம் கடைவாய்ப் பல் இல்லை. அது எனக்கு இதுவரை தெரியாது. ஊதினார். கேட்டில் பேச்சு நின்றது. இன்னொருதரம், நீளமாக ஊதினார்.

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு “சரி” என்றார்.

ஒரு ஸ்கூட்டர் அம்மா மகனை இறக்கி அப்பாவிடம் அனுப்பினார். அப்பா அவன் பையைச் சரியாக மாட்டிவிட்டு உள்ளே அனுப்பினார். ஓட்டுநர் இருக்கையில் ஏறியதும் கண்ணாடியில் என்னைப் பார்த்து, நாளைக்கு நீ வரவேண்டாம் என்றார்.

ஜூன் 3, செவ்வாய்

போனேன். அப்பா ஊதினார்.

ஜூன் 4, புதன்

போனேன்.